கன்வேயர் செயினுக்குத் தானியங்கி எண்ணெய்: பினாங்கில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிறை, புக்கிட் மின்யாக், பாயான் லெப்பாஸ், பத்து காவான் என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும், நீளமான கன்வேயர் ஓடும் இடத்தில் ஓரமாக ஒரு சின்ன டேங்க், ஒரு பம்ப், நாலு டியூப், நாலு நோசல் தென்படும். பேனலுக்குள் ஒரு பிஎல்சி, அதாவது புரோகிராம் போட்டு மெஷினை இயக்கும் சின்னக் கணினி, இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சீனியர் யாராவது கையைக் காட்டி, "அது ஆட்டோ லூப் (தானியங்கி எண்ணெய் அமைப்பு), தானா பாத்துக்கும், டேங்க்ல எண்ணெய் இருக்கான்னு மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். அங்கேதான் சிக்கல் ஆரம்பம். பம்ப் ஓடும், டேங்கும் குறையும், ஆனால் செயின் காய்ந்து கிடக்கும். இதை நானே பல லைன்களில் பார்த்திருக்கிறேன். ஆகவே டேங்கைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எண்ணெய் செயினுக்குள் எங்கே போய்ச் சேருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

எண்ணெய் போக வேண்டிய இடம்

ரோலர் செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் (உருளையான இரும்பு அச்சு), அதைச் சுற்றி ஒரு புஷ் (சின்னக் குழாய் மாதிரி உறை), அதன் மேல் ஒரு ரோலர். செயின் ஸ்பிராக்கெட் என்ற பற்சக்கரத்தில் வளையும் ஒவ்வொரு முறையும் பின் புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்புகிறது. தேய்மானம் அந்த இடுக்கில்தான் நடக்கிறது. "செயின் நீண்டுபோச்சு" என்கிறோமே, அங்கே இரும்பு இழுபட்டு நீளவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகள் சேர்ந்து மொத்த நீளம் கூடியிருக்கிறது.

அந்த இடுக்குக்கு ஒரே வாசல், உள்பிளேட்டுக்கும் வெளிப்பிளேட்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய சந்து. ரோலரின் நடுவில் எண்ணெய் ஊற்றினால் ரோலர் பளபளக்கும், பின்னுக்கு ஒன்றும் போகாது. வெளியே கிரீஸ் அப்பினாலும் இதே கதைதான். கிரீஸ் சந்துக்குள் இறங்காது, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பின்னால் வரும் எண்ணெய்க்கும் வழியை அடைத்துவிடும்.

காய்ந்த மூட்டைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. லைன் நின்ற பிறகு டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பிளேட் ஓரங்களைப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருந்தால் உள்ளே இரும்போடு இரும்பு உரசுகிறது. பார்ப்பதற்குத் துரு மாதிரிதான் இருக்கும், ஆனால் துடைத்தாலும் இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். நல்ல மூட்டின் ஓரத்தில் விரலை வைத்தால் மெல்லிய, ஓரளவு தெளிவான எண்ணெய் ஒட்ட வேண்டும்.

எந்த எண்ணெய்?

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் இதை முடிவு செய்வது நீங்கள் இல்லை. சாதாரண வெப்பத்தில் ஓடும் செயினுக்கு ஐஎஸ்ஓ விஜி 100 போதும். தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் இடத்தில் விஜி 150. அந்த எண், 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பிசுக்கு எவ்வளவு என்பதைச் சொல்கிறது. எண் கூடக் கூட எண்ணெய் கெட்டியாகும். கெட்டி எண்ணெய் நல்லது என்று நினைத்து மேலே மேலே போகாதீர்கள், சந்துக்குள் இறங்காது.

சூட்டடுப்புக்குள் (oven) போய் வரும் செயினுக்குச் சாதாரண மினரல் எண்ணெய் ஆகாது. கரிந்து, கருப்புப் பிசின் மாதிரி மூட்டில் இறுகிவிடும். அதற்கென்று எஸ்டர் வகை சிந்தெடிக் எண்ணெய்கள் இருக்கின்றன. உணவுத் தொழிற்சாலை என்றால் என்எஸ்எஃப் எச்1 பதிவுள்ள எண்ணெய் வேண்டும். தப்பித்தவறி உணவில் பட்டாலும் ஏற்கத்தக்க வகை அது. ஹலால் சான்றிதழ் உள்ள கம்பெனியில் எச்1 மட்டும் போதாது. உணவில் படக்கூடிய எண்ணெயும் ஹலால் கணக்கில் வரும் என்பதால், பிராண்டை மாற்றும் முன் கம்பெனியின் ஹலால் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். "ஸ்டாக் இல்ல, இத ஊத்திக்கோ" என்று ஸ்டோரில் கொடுப்பதை வாங்கி ஊற்றினால், ஹலால் சான்றிதழ் தரும் ஜாக்கிமிலிருந்து ஆடிட் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பழைய மின்யாக் ஹித்தாமை (என்ஜின் எண்ணெயை) வடிகட்டி ஊற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அதிலுள்ள கரியும் இரும்புத் துகளும் அந்த மெல்லிய சந்தில் உப்புத்தாள் வேலை செய்யும். வேண்டவே வேண்டாம். டேங்க் மேல் "மின்யாக் ரந்தாய் சஹாஜா" (செயின் எண்ணெய் மட்டும்) என்று பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். நைட் ஷிப்டில் எண்ணெய் ஊற்றுபவர் நேப்பாளியாகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்கலாம், தமிழில் எழுதிப் பயனில்லை.

கை வைக்கும் முன்

செயினும் ஸ்பிராக்கெட்டும் சேரும் இடம் விரலை விழுங்கும் இடம். மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை அணைத்து, உங்கள் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பாதுகாப்பு மறைப்பைத் (guard) திறக்க வேண்டும். எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டு உள்ளே கையை விடுவது பூட்டுவதற்குச் சமமாகாது. 2024 ஜூன் 1 முதல் பழைய 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டமே நடைமுறையில் உள்ளது. மேனேஜர் அவசரப்படுத்தினாலும் பூட்டாமல் வேலை செய்யாதீர்கள்.

இன்னொன்று, எண்ணெய் பம்ப்புக்கு வேறு பேனலிலிருந்து மின்சாரம் வரலாம். கன்வேயரைப் பூட்டினால் அதுவும் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம், வயரிங் படத்தைப் பாருங்கள்.

படி ஒன்று: செயினை அளந்து எண்ணுங்கள்

புரோகிராமைத் திறக்கும் முன் மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும்: பிட்ச் (ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டு வரை உள்ள தூரம்), மொத்தக் கண்ணிகள் (ஒரு கண்ணிக்கு ஒரு மூட்டு), வேகம். கட்டுரை முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பிட்ச் 50.8 மில்லிமீட்டர், ஒரு பக்கச் செயினில் 1180 கண்ணிகள், வேகம் நிமிடத்துக்கு 12 மீட்டர்.

1180 × 50.8 என்றால் ஏறத்தாழ 60 மீட்டர். ஒரு சுற்று வர 5 நிமிடம். நிமிடத்துக்கு 236 மூட்டுகள், செயினை எண்ணும் சென்சாரைக் கடக்கும், அதாவது ஒரு மூட்டுக்கு சுமார் 254 மில்லி வினாடி. கண்ணிகளை டிராயிங்கில் பார்த்து எழுதிக்கொள்ளாதீர்கள். போன வருடம் யாராவது இரண்டு கண்ணியை எடுத்திருப்பார்கள், டிராயிங்கில் அது ஏறியிருக்காது. ஒரு கண்ணியில் பெயின்ட் அடையாளம் வைத்து, பிஎல்சி கவுண்டரில் ஒரு முழுச் சுற்றை எண்ண விடுங்கள்.

அப்படியே நீளத்தையும் அளந்துவிடுங்கள். செயின் இறுக்கமாக இருக்கும் பகுதியில் 20 பிட்ச் அளந்தால் புதிதில் 1016 மில்லிமீட்டர். 1036 வந்தால் 2 சதவீதம் தேய்ந்துவிட்டது, புதுச் செயினுக்கு ஆர்டர் போடச் சொல்லுங்கள். 1046 என்றால் 3 சதவீதம், ரோலர் செயினுக்குப் பொதுவாக வைக்கும் எல்லை அதுதான். அதற்கு மேல் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஸ்பிராக்கெட் பல்லைத்தான் தின்னும். இடது வலது இரண்டையும் தனித்தனியாக அளங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அந்தப் பக்க நோசலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

படி இரண்டு: நோசலை நிறுத்துவது

செயின் தளர்வாக இருக்கும் இடத்தில் எண்ணெய் விட வேண்டும். இழுவை அதிகமுள்ள பக்கத்தில் பின் புஷ்ஷை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கும். தளர்ந்த பக்கத்தில் சந்து கொஞ்சம் திறந்து கொடுக்கும். பெரும்பாலான லைன்களில் டிரைவ் ஸ்பிராக்கெட்டைத் தாண்டித் திரும்பி வரும் கீழ்வரிசை இதற்குத் தோதான இடம். சூட்டடுப்பு இருந்தால், செயின் வெளியே வந்து சூடு தணிந்த பிறகு. தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடம் இருந்தால், அதைத் தாண்டிக் காற்றடித்துக் காய்ந்த பிறகு. கழுவும் இடத்துக்கு முன்னால் நோசல் வைத்திருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். லைனை நிறுவியவருக்கு டியூப் இழுக்க அதுதான் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு செயினுக்கு இரண்டு நோசல், உள்சந்துக்கு ஒன்று, வெளிச்சந்துக்கு ஒன்று. இரண்டு செயினுக்கு நாலு. பிரஷ் வகையாக இருந்தால் பிரஷ் முனை பிளேட் ஓரத்தைத் தொட வேண்டும். தேய்ந்து சந்துக்கு எட்டாமல் போன பிரஷ்ஷிலிருந்து எண்ணெய் தரையில்தான் சொட்டும்.

படி மூன்று: காற்றை வெளியேற்றுவது

டேங்க் ஒருமுறை காலியானாலோ டியூப் மாற்றினாலோ உள்ளே காற்று போய்விடும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். பம்ப் அடிக்கும் ஒவ்வொரு அடியும் அந்தக் காற்றுக் குமிழியை நசுக்குவதிலேயே போய், நோசல் முனையில் ஒன்றும் வராது.

நோசலுக்கு அருகில் டியூப்பைக் கழற்றி, முனையை வெள்ளைத் துணியில் பிடித்துக்கொண்டு மேனுவல் பட்டனை அழுத்துங்கள். முதலில் துப்பும். பிறகு வெள்ளை நுரையாக வரும். அதன்பின் எண்ணெய், நடுவில் ஒரு குமிழி, மறுபடி எண்ணெய். குமிழியே இல்லாமல் தொடர்ந்து எண்ணெய் மட்டும் வரும்வரை விடாதீர்கள். கண்ணாடி மாதிரியான நைலான் டியூப் என்றால் டார்ச் அடித்து முழு நீளமும் பாருங்கள். மேடு மாதிரி வளைந்திருக்கும் இடத்தில் ஒரு குமிழி ஒளிந்திருக்கும், டியூப்பைத் தட்டிக்கொண்டே அடித்தால் நகரும்.

பிறகு அளவு. ஃபார்மசியில் கிடைக்கும் 5 மில்லிலிட்டர் சிரிஞ்ச் போதும். ஊசி மாட்டும் முனையை அடைத்து, பிஸ்டனைக் கழற்றிவிட்டு, நோசலுக்குக் கீழே பிடித்து 100 முறை அடிக்க விடுங்கள். ஒரு அடிக்கு 0.02 மில்லிலிட்டர் என்று செட் செய்திருந்தால் 2 மில்லிலிட்டர் சேர வேண்டும். நாலு நோசலையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று 2 காட்டி இன்னொன்று 0.5 காட்டினால், அந்த நோசலுக்குள் அழுக்கோ செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) கோளாறோ இருக்கிறது.

படி நான்கு: புரோகிராம்

முதல் விதி: கடிகாரத்தை நம்பாதீர்கள், செயினை எண்ணுங்கள். "எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை" என்று டைமரில் போட்டால், லைன் நின்று கிடந்த மதிய நேரத்தையும் டைமர் எண்ணும். தீபாவளி லீவு முடிந்து வந்து பார்த்தால் ஒரே இடத்தில் எண்ணெய்க் குளம் கட்டியிருக்கும். தேய்வது ஓட்டத்தால், ஆகவே ஓட்டத்தைத்தான் எண்ண வேண்டும்.

எண்ணுவது இண்டக்டிவ் சென்சார், தொடாமலே உலோகத்தை உணரும் வகை. பழுப்பு வயர் 24 வோல்ட், நீலம் சுழியம், கருப்பு சிக்னல். அந்த சிக்னல் இரண்டு வகை: ஜப்பான் மெஷின்களில் பெரும்பாலும் என்பிஎன் (சிக்னல் வயரைச் சுழியத்தோடு இணைக்கும்), ஐரோப்பிய மெஷின்களில் பிஎன்பி (24 வோல்ட்டோடு இணைக்கும்). பினாங்கில் ஒரே தொழிற்சாலையில் இரண்டும் கிடக்கும். ஸ்டோரில் இருந்த ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, சென்சார் விளக்கு எரிகிறது ஆனால் பிஎல்சி எண்ணவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள். ஸ்டெயின்லஸ் செயின் என்றால் சென்சாரைக் கொஞ்சம் கிட்டே வைக்க வேண்டியிருக்கும்.

எட்டு மணி ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் என்று முடிவு செய்கிறோம் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்தில் சென்சார் 1,13,000 முறைக்கு மேல் அடிக்கும். மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வகையில் சாதாரண 16 பிட் கவுண்டர் 32,767-ஐத் தாண்டாது. ஆகவே இரண்டு கவுண்டராகப் பிரிக்கிறோம். முதல் கவுண்டர் 1180 எண்ணினால் ஒரு சுற்று. இரண்டாவது கவுண்டர் 96 சுற்று எண்ணினால் எட்டு மணி நேரம், உடனே எண்ணெய் விடும் நிலை தொடங்குகிறது. இரண்டுமே மின்சாரம் போனாலும் எண்ணிக்கையை மறக்காத வகையாக இருக்க வேண்டும், எஃப்எக்ஸ்3யு-வில் சி100 முதல் சி199 வரை. சாதாரண கவுண்டரைப் போட்டால், ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் மெயினை அணைக்கும் லைனில் எண்ணிக்கை 96-ஐத் தொடாமலே வருடம் ஓடிவிடும்.

அடுத்து, எண்ணெய் விடும் நிலையில் என்ன நடக்க வேண்டும்? ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு அடி. ஆனால் 254 மில்லி வினாடிக்கு ஒருமுறை அடித்து, மறுபடி நிரம்பி, மறுபடி அடிக்கப் பல பம்ப்புகளால் முடியாது. அதனால் சில மூட்டுகளைத் தாண்டித் தாண்டி அடிக்கச் சொல்கிறோம். நாலுக்கு ஒன்று என்றால் ஒரு வினாடி கிடைக்கும், பம்ப்புக்கு வசதி. பலர் அப்படித்தான் போடுகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1180-ஐ 4-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 295. முதல் சுற்றில் 4, 8, 12 என்று அடித்த மூட்டுகளையே இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் அடிக்கும். நாலில் ஒரு மூட்டு குளிக்கும், மூன்று மூட்டு சாகும்வரை காயும். டேங்க் ஒழுங்காகக் குறையும், அலாரம் ஒன்றும் வராது, டார்ச் அடித்துப் பார்த்தால் வரிசையாக மூன்று செம்பழுப்பு மூட்டு, ஒரு பளபளப்பு.

3 போட்டுப் பாருங்கள். 1180-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஒவ்வொரு சுற்றிலும் அடி ஒரு மூட்டு தள்ளி விழும். மூன்று சுற்றில் எல்லா மூட்டுக்கும் சரியாக ஒவ்வொரு அடி. இடைவெளி 762 மில்லி வினாடி. அதுவும் பம்ப்புக்குப் போதவில்லை என்றால் 7 போடலாம், ஏழு சுற்றில் முடியும். விதி இதுதான்: தாண்டும் எண்ணுக்கும் மொத்தக் கண்ணி எண்ணுக்கும் 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இருக்கக் கூடாது.

இதில் இரண்டு கண்ணிவெடி. ஒன்று, மூன்று எண்ணும் கவுண்டரைச் சுற்று முடிவில் ரீசெட் செய்துவிட்டால் ஒவ்வொரு சுற்றும் அதே மூட்டிலிருந்து தொடங்கும், போட்ட கணக்கெல்லாம் வீண். அது சுற்றைப் பற்றிக் கவலைப்படாமல் தொடர்ந்து எண்ண வேண்டும். இரண்டு, செயின் தளர்ந்ததென்று நாலு கண்ணியை எடுத்தால் மொத்தம் 1176. அதை 3-ஆலும் வகுக்கலாம், 7-ஆலும் வகுக்கலாம். நேற்றுவரை சரியாக இருந்த புரோகிராம் இன்றிலிருந்து தப்பு. அப்போது 5-க்கு மாற்றி, ஐந்து சுற்று ஓட விட வேண்டும். கண்ணி எடுத்தால் புரோகிராமையும் பார்க்க வேண்டும் என்று பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மற்றவை வேகமாக. அடிக்கும் சிக்னல், சென்சார் விளக்கு எரியத் தொடங்கும் நொடியில் ஒரே ஒரு முறை வர வேண்டும், எரியும்வரை அடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. லைன் நின்று ரோலர் சென்சார் எதிரிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கன்வேயர் மோட்டார் ஓடுகிறது என்ற சிக்னல் இருந்தால்தான் அடி. மோட்டார் ஓடியும் 3 வினாடிக்குச் சென்சார் அடிக்கவில்லை என்றால் அலாரம்: ஒன்று சென்சார் போயிருக்கும், இல்லை செயின் அறுந்திருக்கும். எஃப்எக்ஸில் டி0 டைமர் 0.1 வினாடிக் கணக்கு, 3 வினாடிக்குக் கே30 போட வேண்டும். கே3 போட்டால் 0.3 வினாடியில் லைன் கத்தும்.

நோசல் அடி சந்தில் விழவில்லை என்றால் சென்சாரின் இடத்தை நகர்த்துங்கள் அல்லது புரோகிராமில் தாமதம் கொடுங்கள். நிமிடத்துக்கு 12 மீட்டர் என்றால் 50 மில்லி வினாடியில் செயின் 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். புரொடக்‌ஷன் ஆட்கள் இன்வெர்ட்டரில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவியில்) வேகத்தைக் கூட்டினால் இந்தக் கணக்கும் தப்பும். வேகம் அடிக்கடி மாறும் லைனில் தாமதத்தை நம்பாமல் சென்சாரை நகர்த்துவதே மேல்.

ஒவ்வொரு அடிக்கும் பிரஷர் ஸ்விட்ச் ஒருமுறை மாற வேண்டும். தொடர்ந்து பத்து அடிக்கு அது மாறவில்லை என்றால் அலாரம். டேங்க் மட்டம் குறைந்தால் முதலில் மஞ்சள் விளக்கு; இன்னும் குறைந்தால் காற்றை இழுக்கும் முன் பம்ப்பை நிறுத்த வேண்டும். பிறையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இந்த மட்ட ஸ்விட்ச்சின் இரண்டு வயரையும் முறுக்கிக் கட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "அலாரம் தொந்தரவா இருந்துச்சு அண்ணே" என்றார் டெக்னீசியன். டேங்க் எப்போது காலியானது என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்கும் லைனில் முதல் வேலையாக ஒவ்வொரு அலாரத்தையும் வேண்டுமென்றே வரவழைத்துப் பாருங்கள். வராத அலாரத்துக்குப் பின்னால் இப்படி ஒரு டேப் இருக்கும்.

படி ஐந்து: டேங்கை வைத்துக் கணக்குப் பார்ப்பது

நம் உதாரணத்தில் ஒரு முறை எண்ணெய் விட 1180 அடி, நாலு நோசல், 0.02 மில்லிலிட்டர்: 94 மில்லிலிட்டர் சொச்சம். நாள் முழுக்க ஓடும் லைனுக்கு மூன்று முறை, சுமார் 280 மில்லிலிட்டர். 4 லிட்டர் டேங்க் இரண்டு வாரம் வரும். வாரம் ஒருமுறை மட்டத்தை எழுதி வைத்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். ஒரு மாதம் ஆகியும் குறையவில்லை என்றால் எங்கோ அடைப்பு, ஐந்தாவது நாளே காலி என்றால் டியூப் கசிவு. கணக்கு சரியாக இருந்தாலும் டார்ச்சை எடுத்து மூட்டுகளைப் பாருங்கள். எண்ணெய் சரியான அளவில் தரையில் விழுந்தாலும் டேங்க் அதே வேகத்தில்தான் குறையும்.

0.02 என்பது நான் உதாரணத்துக்கு எடுத்தது. உங்கள் செயினுக்கு எவ்வளவு என்பதைச் செயினே சொல்லும். மூட்டு ஓரம் பழுப்பாக இருந்தால் இடைவெளியைக் குறையுங்கள், 96 சுற்றை 72 ஆக்குங்கள். கீழே சொட்டி, பெட்டியில் கறை விழுந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரே நாளில் இரண்டு செட்டிங்கை மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். டேங்கில் எண்ணெய் ஊற்றும்போது மூடியை முழுதாகத் திறந்து ஊற்றாமல் வாயிலுள்ள சல்லடை வழியாகவே ஊற்றுங்கள். அது மெதுவாகத்தான் இறங்கும், அவசரப்பட்டுச் சல்லடையைக் கழற்றி வீசியவர்களால்தான் நோசல் அடைக்கிறது.

கழிவு

டிரேயில் சேரும் பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டக் கூடாது. 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளின்படி அது அட்டவணைக் கழிவு (ஷெட்யூல்டு வேஸ்ட்), குறியீடு எஸ்டபிள்யூ 305. எண்ணெய் துடைத்த துணியும் பில்டரும் எஸ்டபிள்யூ 410, காலி டப்பா எஸ்டபிள்யூ 409. மூன்றையும் ஒரே டிரம்மில் போடாமல் தனித்தனியாக, லேபிளும் தேதியும் ஒட்டி வையுங்கள். 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. நம் ஒரு லைனில் 20 டன் சேரப் போவதில்லை, ஆனால் 180 நாள் சீக்கிரம் ஓடிவிடும். டிரம்மில் முதல் துணியைப் போட்ட அன்றே மேலே தேதி எழுதுங்கள்.